இருபத்தாறு பாடல்களின் ஆறு

வெள்ளி: போர்ட்லேண்ட்

அமெரிக்க நாட்டார் பாடகர் வூடி கத்ரி 1941 மே மாதத்தில் ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லேண்ட் நகருக்கு வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது 28. மனைவி மேரியும் மூன்று குழந்தைகளும் உடன் வந்திருந்தார்கள். கையில் காசு இல்லை. கொலம்பியா ஆற்றில் அரசு கட்டிய அணைகளின் மின்சாரத்தை விற்பதற்கென 1937இல் அமைக்கப்பட்ட பானவில் மின் நிர்வாகம், தனியார் மின் நிறுவனங்களின் எதிர்ப்பைச் சமாளித்து மக்களைத் தன் பக்கம் திருப்ப ஒரு படம் எடுக்க நினைத்தது. அந்தப் படத்துக்குப் பாட வேண்டும் என்பதே பேச்சு. செய்திப் பிரிவில் இருந்த ஸ்டீபன் கான், கத்ரியைக் கிட்டாருடன் தலைமை நிர்வாகி பால் ரேவரிடம் அனுப்பிவைத்தார். பாடிக் காட்டிவிட்டு வெளியே வந்தவருக்கு ஒரு மாதத் தற்காலிக வேலை கிடைத்திருந்தது. சம்பளம் 266 டாலர் 66 சென்ட். அந்த முப்பது நாட்களில் அவர் 26 பாடல்கள் எழுதினார். கணக்குப் பார்த்தால் பாட்டுக்குப் பத்து டாலர் சொச்சம்.

அந்த மாதத்தில் அவர் கண்ட ஆற்றை, அவர் போன திசையிலேயே போய்ப் பார்ப்பது என்பதுதான் எங்கள் திட்டம். நானும் என் மனைவியும் கத்ரியின் பாடல்களைப் பல காலமாகக் கேட்டு வருகிறவர்கள். எங்களுடன் வருகிற பெரியப்பா அப்படியல்ல. மின் வாரியத்தில் பணியாற்றி ஓய்வு பெற்று, எங்களைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருக்கும் அவருக்குப் பாட்டில் நாட்டமில்லை. கிராண்ட் கூலி அணையைப் பார்க்கலாம் என்று சொன்னதும் பெட்டியைக் கட்டிவிட்டார்.

கத்ரி குடும்பம் குடியிருந்த லென்ட்ஸ் பகுதி, போர்ட்லேண்டின் தென்கிழக்கு ஓரத்தில் இருக்கிறது. அப்போது நகரின் விளிம்பாக இருந்த இடம். இப்போது அதன் அருகே விரைவுச்சாலை இரைந்துகொண்டே இருக்கிறது. பிறர் வாழும் வீட்டின் முன் நின்று படம் எடுப்பதில் எங்களுக்கு விருப்பம் இல்லாததால், தெருக்களில் சற்று நடந்துவிட்டு லென்ட்ஸ் பூங்காவின் மரநிழலில் உட்கார்ந்தோம். ரசிகர்கள் கத்ரியை நெடுஞ்சாலையின் மனிதராகவே நினைக்கிறார்கள். ஆனால் இந்த ஆற்றுப் பாடல்கள் எழுதப்பட்ட மாதம் முழுவதும் மேரி மூன்று குழந்தைகளோடு இந்தத் தெருக்களில்தான் இருந்தார். வேலை முடிந்ததும் கத்ரி வழியில் கிடைத்த வண்டிகளில் ஏறி நியூயார்க்கில் இருந்த பாடகர் குழு ஒன்றைத் தேடிப் போய்விட்டார். குடும்பம் இங்கேயே தங்கியது; திருமணமும் பிறகு முறிந்தது. பாடல்களின் கணக்கில் இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று என் மனைவி சொன்னாள். நான் மறுக்கவில்லை.

சனி: பள்ளத்தாக்கு வழியே பானவில் வரை

கத்ரியை அரசின் வண்டியில் அழைத்துச் சென்றவர் எல்மர் பியூலர் என்னும் ஊழியர். கறுப்பு நிற ஹட்சன் காரின் பின்னிருக்கையில் கத்ரி கிட்டாரை மீட்டிக்கொண்டே வந்ததைப் பியூலர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அவர்கள் காலத்தில் பள்ளத்தாக்கைக் கடக்கப் பழைய நெடுஞ்சாலைதான் உண்டு. மலையின் வளைவுகளுக்கு இசைந்து வளையும் அந்தச் சாலையின் பெரும்பகுதி இன்றும் இருக்கிறது; நாங்கள் விரைவுச்சாலையை விட்டு விலகி அதிலேயே சென்றோம்.

கிரவுன் பாயின்ட் என்ற பாறை முனையில், 1918இல் கட்டி முடிக்கப்பட்ட எண்கோணக் கல்மண்டபத்தின் அருகே நின்றால், ஆறு மலைத்தொடரைக் குறுக்குவாட்டில் அறுத்துக்கொண்டு வருவது தெரிகிறது. இருபுறமும் கருங்கல் அடுக்குகள். அவற்றின் மேல் ஈரம் சொட்டும் ஊசியிலைக் காடு. காற்று எங்களைத் தள்ளியது. 620 அடி உயரத்திலிருந்து விழும் மல்ட்னோமா அருவியில் கூட்டம் தாங்கவில்லை. அரை மணி நேரத்தில் கிளம்பிவிட்டோம். ஒக்லஹோமாவின் ஒக்கீமாவில் பிறந்து, டெக்சாசின் பாம்பாவில் 1935 ஏப்ரல் 14 அன்று பகலை இரவாக்கிய புழுதிப் புயலைக் கண்டவர் கத்ரி. மழை பொய்த்து, மண் பறந்து, பிழைப்புத் தேடி மேற்கே போன குடும்பங்களைத்தான் அவர் பாடிக்கொண்டிருந்தார். அப்படிப்பட்டவருக்கு, இத்தனை நீர் ஒரே இடத்தில் வழிந்து கடலுக்குப் போவது முதலில் அழகாகவும் உடனேயே வீணாகவும் தோன்றியிருக்கும் என்பதை இந்த முனையில் நிற்கும்போது நம்ப முடிகிறது. இந்தப் பாடல்களில் ஆறு உழைக்க வேண்டிய ஒன்றாக வருவதற்கு அரசின் கொள்கை மட்டும் காரணமன்று. புழுதியைத் தின்றவரின் பசியும் காரணம்.

பானவில் அணை போர்ட்லேண்டிலிருந்து ஏறத்தாழ 40 மைல். 1937 செப்டம்பரில் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் இதைத் திறந்துவைத்தார். பெரியப்பா மின் நிலையத்தின் பார்வையாளர் மாடத்திலிருந்து கீழே தெரிந்த ஜெனரேட்டர்களின் வரிசையை எண்ணிப் பார்த்துவிட்டு, இரண்டு மின் நிலையங்களும் சேர்ந்து ஏறத்தாழ 1,200 மெகாவாட் என்று அறிவிப்புப் பலகை சொன்னதைத் தமக்குள் சரிபார்த்துக்கொண்டார். நாங்கள் இருவரும் மீன் ஏணியின் பக்கம் போனோம்.

மீன் ஏணி என்பது படிப்படியாக உயரும் நீர்த்தொட்டிகளின் வரிசை. கடலில் வளர்ந்த சால்மன், தான் பிறந்த ஓடையில் முட்டையிட ஆற்றை எதிர்த்து ஏறி வரும்போது, அணையைச் சுற்றிச் செல்ல இதுவே வழி. நிலத்தடியில் கண்ணாடிச் சன்னல்கள் வைத்திருக்கிறார்கள். செப்டம்பர் தொடக்கம் இலையுதிர்காலச் சினூக் சால்மனின் காலம் என்பதால், கண்ணாடிக்கு அப்பால் ஆள் கை நீளத்துக்கு மீன்கள், நீரின் விசைக்கு எதிரே அசையாது நிற்பனபோல் நின்று, திடீரென்று பாய்ந்து மறைந்தன. பக்கத்து அறையில் அமர்ந்து ஒருவர் அவற்றை இனவாரியாக எண்ணுகிறார். அன்றாட எண்ணிக்கை பொதுமக்களுக்கு வெளியிடப்படுகிறது. பெரியப்பா வந்து சேர்ந்தபின் அந்தச் சன்னலை விட்டு நகர மறுத்துவிட்டார். "மெகாவாட் எத்தனை இடத்துலயும் பார்த்துட்டேன்ப்பா, இதைப் பார்த்ததே இல்ல" என்றார்.

பிற்பகலில் ஆற்றின் வடகரைக்குப் போய், அணைக்குக் கீழே உள்ள ஃபோர்ட் காஸ்கேட்ஸ் என்ற பழைய கோட்டையின் இடத்தைச் சுற்றி வரும் ஒன்றரை மைல் நடைபாதையில் நடந்தோம். சுற்றுலாப் பயணிகள் அதிகம் வராத இடம். கத்ரியின் ரசிகர்கள் கட்டாயம் வர வேண்டிய இடம் என்பேன். 1856 மார்ச்சில் யாகமா, கிளிக்கிட்டாட், காஸ்கேட்ஸ் என்னும் பூர்வகுடி இனத்தவர் இந்தக் கரையில் இருந்த குடியேறிகளைத் தாக்கினார்கள். பின்னாளில் உள்நாட்டுப் போரில் பெயர் பெற்ற ஷெரிடன், அப்போது இளம் அதிகாரி, படையுடன் வந்தார். சண்டை ஓய்ந்ததும், தங்களுக்கு அதில் பங்கில்லை என்று சொன்ன காஸ்கேட்ஸ் இனத்தவரில் ஒன்பது பேர், அவர்களுடைய தலைவர் செனோவெத் உட்பட, தூக்கிலிடப்பட்டார்கள்.

இந்த நிகழ்ச்சி கத்ரியின் மிகப் புகழ்பெற்ற ஆற்றுப் பாடலில் இருக்கிறது. "ரோல் ஆன், கொலம்பியா" 1987இல் வாஷிங்டன் மாநிலத்தின் அதிகாரபூர்வ நாட்டார் பாடலாக அறிவிக்கப்பட்டது. லெட் பெல்லி பாடிய "குட்நைட் ஐரீன்" மெட்டின் மேல் எழுதப்பட்டது. அதன் மூல வடிவத்தில் ஷெரிடனின் வீரர்களைப் புகழ்ந்து, தூக்கிலிட்டதை வெற்றியாகக் கொண்டாடும் அடிகள் உண்டு. பின்னால் வந்த பாடகர்கள் பெரும்பாலும் அவற்றைப் பாடுவதில்லை. பள்ளிப் பிள்ளைகள் பாடும் வடிவத்தில் அந்த அடிகள் இல்லை. ஒடுக்கப்பட்டவர்களின் பாடகர் என்று நாங்கள் கொண்டாடும் ஒருவர், கையில் கிடைத்த வட்டார வரலாற்றை வென்றவரின் வாயிலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டார். அடிகளை விட்டுவிட்டுப் பாடுவது நல்லதுதான். அவை இருந்ததையே மறந்துவிடுவது நல்லதல்ல.

மாலையில் காஸ்கேட் லாக்ஸ் ஊரில், பானவில் அணையால் நீர்மட்டம் ஏறியபோது உயர்த்திக் கட்டப்பட்ட "கடவுளரின் பாலம்" அடியில், பூர்வகுடி மீனவர்கள் ஐஸ் பெட்டிகளில் வைத்து விற்ற சால்மனை வாங்கினோம். அறையில் சிறிய அடுப்பு இருந்தது. புளியும் மிளகாய்த்தூளும் பெரியப்பாவின் பெட்டியில் இருந்தன. அந்தக் குழம்பைப் பற்றித் தனியாக எழுதலாம்.

ஞாயிறு: செலைலோ, யாகிமா

காஸ்கேட் மலைத்தொடரைத் தாண்டியதும் காடு நின்றுவிடுகிறது. ஒரு மணி நேரத்துக்குள், மேற்கே மழைக்காட்டில் இருந்தவர்கள், காய்ந்த புல் போர்த்திய மொட்டைக் குன்றுகளுக்கு நடுவே வந்துவிட்டோம். த டேல்ஸ் ஊரைத் தாண்டிப் பன்னிரண்டு மைல் தொலைவில், ரயில் பாலம் ஆற்றைக் கடக்கும் இடத்துக்கு அருகே, செலைலோ பூங்கா இருக்கிறது. புல்வெளி, மேசைகள், படகு இறக்கும் சரிவு. எதிரே அகன்று, அலையடித்து, வேகமில்லாமல் கிடக்கும் நீர்.

இதற்குக் கீழேதான் செலைலோ அருவி இருக்கிறது. பத்தாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மனிதர்கள் மீன்பிடித்து வாழ்ந்த இடம் இது. பாறைகளிலிருந்து நீட்டிக் கட்டிய மரத்தட்டிகளின் மேல், இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு நின்று, நீண்ட கம்பில் பொருத்திய வலையால், அருவியை எதிர்த்துத் தாவும் சால்மனைப் பிடிப்பார்கள். வார்ம் ஸ்பிரிங்ஸ், யாகமா, யூமடில்லா, நெஸ் பெர்ஸ் இனத்தவர் 1855இல் அமெரிக்க அரசுடன் செய்துகொண்ட உடன்படிக்கைகளில், நிலத்தை விட்டுக்கொடுத்தபோதும், வழக்கமான இடங்களில் மீன்பிடிக்கும் உரிமையைத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். 1957 மார்ச் 10 அன்று த டேல்ஸ் அணையின் மதகுகள் அடைக்கப்பட்டன. சில மணி நேரத்தில் அருவி மூழ்கியது. இழப்பீடாக அந்த நான்கு இனங்களுக்கும் சேர்த்து 2 கோடியே 68 லட்சம் டாலர் வழங்கப்பட்டது. 2008இல் ராணுவப் பொறியாளர் பிரிவு ஒலியலைக் கருவிகொண்டு ஆற்றின் அடியை வரைந்தபோது, பாறைகள் உடைபடாமல் அப்படியே இருப்பது தெரிய வந்தது.

சாலைக்கு மறுபுறம் செலைலோ கிராமம் இருக்கிறது. அங்கே நீண்ட கூரையுடைய பொது மண்டபத்தில் ஒவ்வொரு வசந்தத்திலும் முதல் சால்மன் விருந்து நடக்கிறது. வாழும் மக்களின் ஊர். வேடிக்கை பார்ப்பதற்குரிய இடம் அன்று. நாங்கள் உள்ளே போகவில்லை.

கத்ரி 1941இல் கிழக்கே போனபோது அருவி முழு வேகத்தில் இரைந்துகொண்டிருந்தது. நெடுஞ்சாலையோ அதை ஒட்டியே சென்றது. ஆயினும் நான் கேட்ட ஆற்றுப் பாடல்களில் இந்த மீனவர்கள் இல்லை. உழவர்கள் இருக்கிறார்கள், கான்கிரீட் கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், பாறை துளைப்பவர்கள் இருக்கிறார்கள்; வலையுடன் தட்டியின் மேல் நிற்பவர் இல்லை. அவர் இரக்கமற்றவர் என்பதால் அப்படி நேரவில்லை. உழைப்பு என்றால் கூலி வேலை என்றும், வறுமை என்றால் நிலமிழந்த உழவன் என்றும் அவருக்கு ஒரு படம் மனத்தில் இருந்தது; அந்தப் படத்தில் மீனவர்களுக்கு இடமில்லாமல் போயிற்று என்றே எனக்குப் படுகிறது.

மறுகரையில் மேரிஹில் குன்றின் மேல், சாம் ஹில் என்ற செல்வர் முதல் உலகப் போரில் இறந்த உள்ளூர் வீரர்களின் நினைவாகக் கட்டிய, இங்கிலாந்தின் பழங்காலக் கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்சின் கான்கிரீட் நகல் நிற்கிறது. பெரியப்பா சிமென்ட் பூச்சை ஆராய்ந்தார். அங்கிருந்து 97ஆம் எண் நெடுஞ்சாலையில் வடக்கே ஏறி, மாலைக்குள் யாகிமா பள்ளத்தாக்கில் இறங்கினோம்.

யாகிமாவில் பீருக்கு வாசனை தரும் ஹாப்ஸ் கொடி அறுவடை நடந்துகொண்டிருந்தது. உயரமான கம்பங்களில் கம்பி இழுத்துக் கட்டி, கயிற்றில் ஏற்றிவிட்ட அந்தப் பச்சைக் கொடிகளின் வரிசைகளுக்கு நடுவே நின்றபோது, பெரியப்பாவுக்கும் எனக்கும் ஒரே நேரத்தில் வெற்றிலைக் கொடிக்கால் நினைவுக்கு வந்தது. அமெரிக்காவின் ஹாப்ஸ் விளைச்சலில் ஏறத்தாழ முக்கால் பங்கு இந்தப் பள்ளத்தாக்கினுடையது. ஆப்பிளில் பாதிக்கும் மேல் இந்த வாஷிங்டன் மாநிலத்தினுடையது. "பாஸ்சர்ஸ் ஆஃப் பிளென்டி" என்ற பாடலை நாங்கள் கேட்க நினைத்திருந்த இடம் இதுதான். வயலோரத்தில் வண்டியை நிறுத்தி, கதவைத் திறந்து வைத்துக் கேட்டோம்.

இதுவும் அதே மாதத்தில், அதே சம்பளத்துக்கு எழுதப்பட்டது. காதலன் காதலியைக் கொல்லும் "பிரெட்டி பாலி" என்ற பழைய கதைப்பாடலின் மெட்டை எடுத்து, ஊர் ஊராய்ப் போய் அறுவடை செய்துவிட்டு மறுநாள் புழுதியோடு புழுதியாய்ப் போய்விடும் கூலிக் குடும்பங்களின் குரலில் கத்ரி எழுதினார். மின்சாரத்தை விற்க அமர்த்தப்பட்டவர், விற்க வேண்டிய சரக்கை ஏறக்குறைய மறந்துபோன இடம் இந்தப் பாட்டு. அணையைப் பாடும் பாடல்களில் குரல் உரத்திருக்கிறது; இங்கே அது கேள்வி கேட்கிறது. இருபத்தாறில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் இதையே வைத்துக்கொள்வேன். நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தபோது கொடிகளை வெட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் தங்களுக்குள் ஸ்பானிய மொழியில் பேசிக்கொண்டார்கள். ஒக்லஹோமாக்காரர்கள் செய்த வேலையை இப்போது பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்து வந்த குடும்பங்கள் செய்கின்றன.

திங்கள்: உலர்ந்த அருவி வழியே கிராண்ட் கூலி

வான்டேஜ் என்ற இடத்தில் மீண்டும் கொலம்பியாவைக் கடந்து, சோப் லேக் ஊர் வழியாக 17ஆம் எண் சாலையில் வடக்கே போனோம். "கூலி" என்று இங்கே சொல்வது, செங்குத்தான சுவர்களுக்கு நடுவே கிடக்கும் வறண்ட பெரும்பள்ளத்தை. பனியுகத்தின் இறுதியில், மேற்கு மொன்டானாவில் பனிக்கட்டி அடைத்து வைத்திருந்த ஏரி மறுபடி மறுபடி உடைத்துக்கொண்டு வந்த வெள்ளங்களே இந்தப் பள்ளங்களைச் செதுக்கின. அந்த வெள்ளம் விழுந்த இடமான டிரை ஃபால்ஸ் மூன்றரை மைல் அகலம், 400 அடி உயரம். இப்போது கீழே சில குளங்கள் மட்டும் கிடக்கின்றன. இந்தக் கருத்தை ஹார்லன் பிரெட்ஸ் என்ற நிலவியலாளர் 1920களில் முன்வைத்தபோது சக அறிஞர்கள் ஏற்கவில்லை. 1979இல், அவருக்கு 96 வயதானபோது, நிலவியல் துறையின் உயர்ந்த பதக்கம் தரப்பட்டது. பெரியப்பாவுக்கு இந்தக் கதை மிகவும் பிடித்துப்போயிற்று. ஓய்வூதியத்துக்கு அலைந்த தம் சக ஊழியர்களின் கதைகளை அணை வரும் வரை சொல்லிக்கொண்டே வந்தார்.

கிராண்ட் கூலி அணைக்கு முன்னால் உள்ள பள்ளம் இன்று 27 மைல் நீளமுள்ள பாங்க்ஸ் ஏரி. ஆற்று நீரை 280 அடி மேலே இறைத்து இந்த ஏரியை நிரப்பி, இங்கிருந்து கால்வாய்களில் தெற்கே அனுப்புகிறார்கள். கத்ரி கனவு கண்டது இந்தப் பாசனத்தைத்தான்: புழுதியில் நிலம் இழந்தவர்களுக்கு இங்கே ஆளுக்கொரு தோட்டம் கிடைக்கும் என்று அவர் நம்பினார். ஆனால் போர் வந்தது. அணையின் மின்சாரம் அலுமினிய உலைகளுக்கும், அணுகுண்டுக்குப் புளூட்டோனியம் செய்த ஹான்ஃபோர்டுக்கும் போயிற்று. பாசன நீர் 1950களில்தான் வயல்களை எட்டியது. பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் திட்டமிட்டார்கள். ஏறத்தாழ 6,70,000 ஏக்கர் பாசனம் பெறுகிறது. வழி நெடுகக் கண்ட பசுமை அதுவே, அதைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பாடல் வாக்களித்த குடும்பங்களில் மிகச் சிலருக்கே அதில் பங்கு கிடைத்தது.

அணையை முதலில் பார்க்க வேண்டிய இடம், ஊருக்கு மேலே உள்ள குன்றின் பார்வைமுனை. இதற்கும் கிரவுன் பாயின்ட் என்றே பெயர். 550 அடி உயரம், 5,223 அடி நீளம், ஏறத்தாழ 1.2 கோடி கன கெஜம் கான்கிரீட். 1933இல் தொடங்கிய வேலையில் 1942க்குள் 77 தொழிலாளர்கள் இறந்தார்கள். பிற்காலத்தில் சேர்க்கப்பட்ட மூன்றாவது மின் நிலையத்தோடு மொத்தத் திறன் 6,809 மெகாவாட். பெரியப்பா கைத்தடியை ஊன்றி நின்று, எதுவும் பேசாமல், மின்கம்பிகள் எந்தத் திசைகளில் பிரிந்து போகின்றன என்பதைக் கண்ணால் பின்தொடர்ந்துகொண்டிருந்தார். கத்ரி வந்தபோது அணை ஏறக்குறைய முடிந்திருந்தது. "கிராண்ட் கூலி டேம்" பாடலுக்கு "வாபாஷ் கேனன்பால்" என்ற ரயில் பாட்டின் மெட்டைத் தேர்ந்தது ஏன் என்பது இந்த முனையில் விளங்கியது. இவ்வளவு பெரிய, அசையாத பொருளைப் பாட, விரைந்து ஓடும் மெட்டு ஒன்று வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் பாட்டும் கான்கிரீட்டோடு உறைந்திருக்கும். நாங்கள் இருவரும் அதை உரக்கப் பாடினோம். வெட்கமாக இல்லை, அந்த இடத்தில் அந்தப் பாட்டு சரியாகவே இருந்தது.

பெரியப்பா கேட்ட முதல் கேள்வி, "மீன் ஏணி எந்தப் பக்கம் இருக்கு?" என்பது.

இங்கே மீன் ஏணி கிடையாது. இவ்வளவு உயரத்துக்கு ஏணி கட்ட முடியாது என்று முடிவு செய்து, மேலே போக வேண்டிய சால்மனைக் கீழேயுள்ள கிளையாறுகளுக்கு மாற்றினார்கள். ஆயிரம் மைலுக்கு மேற்பட்ட முட்டையிடும் ஓடைகள் ஒரேயடியாக அடைபட்டன. அணையின் வடகரை கால்வில் பூர்வகுடிகளின் காப்பு நிலம். பல பத்தாண்டுகள் வழக்காடிய பின் 1994இல்தான் அவர்களுக்கு 5 கோடியே 30 லட்சம் டாலரும், மின் விற்பனையிலிருந்து ஆண்டுதோறும் ஒரு தொகையும் என்று தீர்வானது.

இருட்டியதும் அணையின் முகத்தில் நீரை வழியவிட்டு, அதன் மேல் லேசர் ஒளியால் படம் காட்டுகிறார்கள். 2014 முதல் காட்டப்படும் புதிய காட்சி, பூர்வகுடிகளின் தரப்பையும் சேர்த்துச் சொல்கிறது. கம்பளி போர்த்தியும் குளிர் விடவில்லை.

செவ்வாய்: கெட்டில் அருவி

இந்த நாள் கத்ரியின் வழித்தடத்தில் இல்லை, நாங்களே சேர்த்துக்கொண்டது. கிராண்ட் கூலி அணை தேக்கிய ரூஸ்வெல்ட் ஏரி, அணையிலிருந்து ஏறத்தாழ 150 மைல் மேலே கனடா எல்லை நோக்கி நீள்கிறது. அதன் கரையை ஒட்டிய 25ஆம் எண் சாலையில் வடக்கே போனால், காடு மீண்டும் தொடங்கி, கெட்டில் அருவி இருந்த இடம் வருகிறது. அருவி நீரின் அடியில். அதன் பெயர் கொண்ட ஊரே வேறிடத்துக்கு மாற்றப்பட்டது.

கரைமேட்டில், 1847இல் ஏசு சபையினர் நிறுவிய புனித பவுல் சிற்றாலயம் மரங்களுக்கு நடுவே இருக்கிறது. அருகே, மூழ்கும் முன் மேலே கொண்டுவந்து வைத்த ஒரு பாறை. ஈட்டிமுனைகளைத் தீட்டித் தீட்டி அதன் மேல் ஆழமான கோடுகள் விழுந்திருக்கின்றன. பெரியப்பா விரலை ஒரு கோட்டில் ஓட்டிப் பார்த்தார். அருவிக்கு அருகே பெரிய கூடைகளைத் தொங்கவிட்டு, தாவித் தோற்று விழும் சால்மனைப் பிடிப்பார்கள். பிடித்த மீனைப் பங்கிடுவது சால்மன் தலைவர் என்று அழைக்கப்பட்டவரின் பொறுப்பு. வந்திருக்கும் எந்தக் குடும்பமும் வெறுங்கையோடு போகாது. 1940 ஜூனில், நீர் ஏறுவதற்கு முன், பல இனத்தவர் இங்கே கூடி மூன்று நாட்கள் அருவிக்கு விடைகொடுத்தார்கள். "கண்ணீர்ச் சடங்கு" என்று அது பதிவாகியிருக்கிறது.

கத்ரி அணைக்கு வந்தது அதற்குப் பதினோரு மாதங்களுக்குப் பிறகு. இந்தத் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான், பயணத்தின் கடைசி நாளை இங்கே வைப்பது என்று நானும் மனைவியும் முடிவு செய்தோம். அவர் பாடிய நீர்த்தேக்கம் அப்போதுதான் நிரம்பிக்கொண்டிருந்தது.

சால்மன் கதை முடிந்துவிடவில்லை. கால்வில் மக்கள் 2019இல் அணைக்கு மேலே உள்ள நீரில் சினூக் சால்மனை விட்டார்கள். 2023 செப்டம்பரில், இந்த மேல்நதிப் பகுதியில் சால்மனை மீட்டுக்கொண்டுவரும் முயற்சிக்கு இருபது ஆண்டுகளில் 20 கோடி டாலர் தருவதாக ஒப்பந்தமானது. பணம் தருவது பானவில் மின் நிர்வாகம். 1941இல் கத்ரிக்குச் சம்பளம் கொடுத்த அதே அலுவலகம். கத்ரியின் பாடல்கள் சில இடம்பெற்ற அந்த அரசுப் படம் 1949இல் வெளிவந்து, சில ஆண்டுகளில் அதன் பிரதிகளை அழிக்கச் சொல்லி உத்தரவு வந்தபோது, சிலவற்றைத் தம் வீட்டு நிலவறையில் ஒளித்துவைத்தவரும் அந்த அலுவலக ஊழியரே, ஓட்டுநர் பியூலர். 1980களில் சிதறிக் கிடந்த பாடல்களைத் தேடித் தொகுத்த பில் மர்லினும் அங்கே பணியாற்றியவர்தான். ஓர் அரசு அலுவலகம் ஒரு பாடகரை இத்தனை விதமாக நினைவில் வைத்திருப்பது எனக்கு வியப்பாக இருக்கிறது.

ஸ்போக்கேன் நோக்கித் திரும்பும் வழியில், கத்ரி ஓராண்டு முன்னதாக வந்து அந்த மூன்று நாட்களைப் பார்த்திருந்தால் பாடல்கள் வேறு மாதிரி இருந்திருக்குமா என்று நான் கேட்டேன்.

"சம்பளம் குடுத்தது யாருப்பா?" என்றார் பெரியப்பா.

"அந்த ஹாப்ஸ் தோட்டத்துப் பாட்டும் அதே சம்பளத்துக்கு எழுதினதுதானே, மாமா?" என்றாள் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த என் மனைவி.

அவர் சற்று யோசித்துவிட்டு, அந்தப் பாட்டின் வரிகளைத் தமிழில் எழுதித் தரச் சொன்னார். இன்றிரவு ஸ்போக்கேனில் அதற்குத்தான் உட்காரப் போகிறேன்.